தண்ணீர் கேட்காத பாதை: வாண்டில் ஆற்றங்கரையில் சர்ரே அயர்ன் ரயில்வே, 1799–1846

லண்டனின் தென்பகுதியில் வாண்டில் என்றோர் ஆறு ஓடுகிறது. அதன் நீளம் சுமார் 14 கிலோமீட்டர்தான். கிராய்டன், கார்ஷால்ட்டன் பகுதிகளின் சுண்ணாம்புக்கல் ஊற்றுகளில் தொடங்கி, பெடிங்டன், மிட்சம், மெர்ட்டன் வழியாக வந்து, வாண்ட்ஸ்வொர்த்தில் தேம்ஸில் கலந்துவிடுகிறது. இன்று முழுக்க நகரத்துக்குள் அடங்கிவிட்ட இந்த ஆற்றின் கரையோரமாக, வாண்ட்ஸ்வொர்த்துக்கும் கிராய்டனுக்கும் இடையே எட்டு மைலுக்குச் சற்றுக் கூடுதலான தொலைவுக்கு, 1803-இல் குதிரைகள் இழுக்கும் சரக்கு இருப்புப்பாதை ஒன்று திறக்கப்பட்டது. சர்ரே அயர்ன் ரயில்வே என்பது அதன் பெயர். நீராவி இயந்திரம் அதில் ஒருநாளும் ஓடவில்லை. பயணிகளுக்கென்று அது வண்டி விடவுமில்லை. 43 ஆண்டுகள் சரக்கு சுமந்துவிட்டு மூடப்பட்டது.

ரயில்வே வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் இப்பாதைக்கு ஒரு பத்தி ஒதுக்கி, 'நாடாளுமன்ற அனுமதி பெற்ற முதல் பொது ரயில்வே' என்று குறிப்பிட்டுவிட்டு, நீராவி வண்டிகள் ஓடிய ஸ்டாக்டன்–டார்லிங்டன் பாதைக்கு நகர்ந்துவிடுகிறார்கள். ஆனால் இது முன்மொழியப்பட்ட காலத்தில், சரக்குப் போக்குவரத்து என்றாலே கால்வாய்தான் என்பது பொறியாளர்களும் முதலீட்டாளர்களும் கேள்வி கேட்காமல் ஏற்றுக்கொண்டிருந்த முடிவு. அந்த முடிவை மீறி இங்கே ஏன் இரும்புத் தட்டுகள் பதிக்கப்பட்டன என்பதே இந்த ஆய்வு எடுத்துக்கொள்ளும் கேள்வி. அதற்கான பதில் இரும்பில் இல்லை, ஆற்றில் இருக்கிறது.

வேலையில்லாத தண்ணீர் இல்லை

வாண்டிலைப் பார்க்கிறவருக்கு அது ஆறு என்றே தோன்றாது. பெரிய வாய்க்கால் என்று சொன்னால் நம்பிவிடுவார். ஆனால் அதற்கு இரண்டு சிறப்புகள் உண்டு. சுண்ணாம்புப் பாறைக்குள் மழைநீர் இறங்கி, தேங்கி, மெல்ல ஊறி வருவதால் கோடையிலும் குளிர்காலத்திலும் அதன் நீரோட்டம் பெரிதாக மாறுவதில்லை. அடுத்து, இவ்வளவு குறுகிய தூரத்துக்குள் நூறடிக்கும் மேல் அது இறங்குகிறது. ஆண்டு முழுவதும் வற்றாத நீரும் நல்ல இறக்கமும் ஒன்றுசேர்ந்தால் ஆலைக்காரர்கள் விடுவார்களா? பதினெட்டாம் நூற்றாண்டின் முடிவில் அதன் கரைகளில் மாவு ஆலைகள், மூக்குப்பொடி அரைக்கும் ஆலைகள், எண்ணெய் ஆலைகள், காகித ஆலைகள், செம்புத் தகடு அடிக்கும் ஆலைகள், வாண்ட்ஸ்வொர்த்தில் ஓர் இரும்பு ஆலை, மெர்ட்டனிலும் மிட்சமிலும் பருத்தித் துணிக்கு வெளுப்பும் அச்சும் செய்யும் பட்டறைகள் என்று நெருக்கமாக நின்றன.

ஒவ்வோர் ஆலையும் ஆற்றைச் சில அடி உயரத்துக்குத் தடுத்து, அந்த உயரத்திலிருந்து விழும் நீரைத் தன் சக்கரத்தின் மீது விடும். சக்கரத்தைச் சுற்றிவிட்டு வெளியேறும் நீர் கீழே இருக்கும் ஆலைக்கு உரிய நீர். மேல்மடையில் ஒருவர் கைவைத்தால் கடைமடை வரை உணரப்படும் என்பதைப் பாசன ஊர்களில் பிறந்தவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. வாண்டிலில் பயிருக்குப் பதில் சக்கரங்கள். மற்றபடி வழக்கும் வாய்ச்சண்டையும் அதேதான். ஓர் ஆலையின் விலையே அதன் கட்டடத்தில் இல்லை, அதற்கு உரிய நீர்வீழ்ச்சியின் அடிக்கணக்கில் இருந்தது. ஆற்றில் சும்மா ஓடும் தண்ணீர் என்று எதுவும் மிச்சமில்லாத நிலையில்தான் கால்வாய் யோசனை வந்து சேர்ந்தது.

கால்வாய் கேட்டவர்களுக்குக் கிடைத்த பதில்

1790-கள் இங்கிலாந்தில் கால்வாய்ப் பித்து பிடித்திருந்த காலம். அதோடு பிரான்சுடன் போரும் நடந்துகொண்டிருந்தது. லண்டனிலிருந்து போர்ட்ஸ்மத் கடற்படைத் துறைமுகத்துக்குப் பொருள் அனுப்ப வேண்டுமானால், கப்பல்கள் தேம்ஸ் முகத்துவாரத்தைக் கடந்து, கென்ட் கரையைச் சுற்றி, இங்கிலாந்துக்கும் பிரான்சுக்கும் இடையே எதிரிக் கப்பல்கள் நடமாடும் ஆங்கிலக் கால்வாய் என்ற கடல் வழியாகப் போக வேண்டியிருந்தது. நிலத்தின் ஊடாகவே ஒரு நீர்வழி வெட்டிவிட்டால் இந்த ஆபத்து இருக்காது என்ற எண்ணம் 1799 வாக்கில் வலுப்பெற்றது. அதன் முதல் துண்டாக, வாண்ட்ஸ்வொர்த்திலிருந்து வாண்டில் பள்ளத்தாக்கின் வழியே கிராய்டன் வரை ஒரு கால்வாய் அமைக்கலாமா என்று வில்லியம் ஜெசப்பிடம் கருத்துக் கேட்கப்பட்டது.

கேட்கப்பட்டவர் யார் என்பதைக் கவனிக்க வேண்டும். 1745-இல் பிறந்து, பொறியாளர் ஜான் ஸ்மீட்டனிடம் தொழில் கற்ற ஜெசப், அன்று நாட்டின் முன்னணிக் கால்வாய்ப் பொறியாளர். லண்டனையும் இங்கிலாந்தின் நடுப்பகுதியையும் இணைத்த கிராண்ட் ஜங்ஷன் கால்வாய்க்கு அவரே தலைமைப் பொறியாளர். வெஸ்ட் இந்தியா கப்பல் துறையையும் அவர்தான் மேற்பார்வையிட்டுக்கொண்டிருந்தார். கால்வாய் வெட்டினால் அவருக்கும் வேலை, அவருடைய நண்பர்களுக்கும் வேலை. அப்படிப்பட்டவர் வேண்டாம் என்றார். கால்வாய்க்குத் தேவையான நீரை ஆலைகளுக்குக் கேடு செய்யாமல் வாண்டிலிலிருந்து எடுக்க முடியாது என்பதும், இங்கே இருப்புப்பாதையே பொருந்தும் என்பதும் அவருடைய தீர்ப்பு.

இந்தத் தீர்ப்பின் பின்னுள்ள கணக்கு எளியது. நூறடிக்கு மேல் உயர்ந்துசெல்லும் கால்வாயில் படகுகளைப் படிப்படியாக ஏற்றி இறக்க அடைப்பு மதகுகள் தேவை. இறங்கும் படகு ஒவ்வொன்றுக்கும் மேல்மட்டத்திலிருந்து ஒரு மதகு நிறையத் தண்ணீர் கீழே விடப்படும்; மதகின் அளவைப் பொறுத்து அது சுமார் 25,000 முதல் 50,000 கேலன் வரை போகும். நாள் ஒன்றுக்கு இருபது படகுகள் போனால்கூட இழப்பு எவ்வளவு என்று பெருக்கிப் பார்த்துக்கொள்ளலாம். கரையிலும் அடிமண்ணிலும் கசிந்து போவது இதற்குமேல். அதைவிட முக்கியமான சிக்கல் இடம் சார்ந்தது. கால்வாயின் உச்சி மட்டம் கிராய்டனில் இருக்கும். ஆற்றின் ஊற்றுகளும் அங்கேதான் இருக்கின்றன. கால்வாய்க்கு நீர் எடுக்க வேண்டுமானால் ஊற்றுக்கண்ணிலேயே எடுக்க வேண்டும். அங்கே எடுத்தது வாண்ட்ஸ்வொர்த் வரை உள்ள எந்தச் சக்கரத்துக்கும் திரும்பிக் கிடைக்காது.

ஆலை உரிமையாளர்களின் எதிர்ப்பு நாடாளுமன்றத்தில் எப்படி ஒலிக்கும் என்பதும் ஜெசப்புக்குத் தெரியாததல்ல. நிலத்தைக் கட்டாயமாக எடுக்கும் அதிகாரம் நாடாளுமன்றச் சட்டத்தால் மட்டுமே கிடைக்கும். எதிர்ப்பு வலுத்த மசோதா குழுவிலேயே மடியும். ஆனால் அதே ஆலைக்காரர்களுக்கு நிலக்கரியும் மூலப்பொருளும் வந்தாக வேண்டும், சரக்கு வெளியே போயாக வேண்டும். கால்வாய் வந்தால் இவர்கள் எதிரிகள், இருப்புப்பாதை வந்தால் இவர்களே வாடிக்கையாளர்கள். பொறியியல் தீர்ப்பு என்று ஜெசப்பின் கருத்தைப் பாராட்டுகிறவர்கள், அதில் இருந்த இந்த ஊர்நிலை அறிவையும் சேர்த்தே பாராட்ட வேண்டும் என்பது என் எண்ணம்.

1801 மே 21

சட்டம் 1801 மே 21-ஆம் நாள் ஒப்புதல் பெற்றது. பங்குகள் மூலம் 35,000 பவுன் திரட்டவும், போதாவிட்டால் மேலும் 15,000 பவுன் திரட்டவும் அது அனுமதித்தது. பின்னர் அந்தத் தொகையும் போதாமல் நிறுவனம் மறுபடி நாடாளுமன்றத்தின் படியேற நேர்ந்தது. ரயில்வேக்களின் மதிப்பீடுகள் மீறப்படுவது ரயில்வேக்களைப் போலவே பழைய வழக்கம்.

'முதல்' என்ற பட்டத்தைப் பற்றி இங்கே தெளிவுபடுத்திக்கொள்வது நல்லது. இருப்புப்பாதைக்காக நாடாளுமன்றம் சட்டம் இயற்றியது இதற்கு முன்பே, 1758-இல், லீட்ஸ் அருகே மிடில்டன் பாதைக்காக நடந்திருக்கிறது. ஆனால் அது ஒரே உரிமையாளரின் நிலக்கரியைச் சுமக்கும் தனியார் பாதை. வேக்ஃபீல்ட் அருகே லேக் லாக் பாதை 1790-களின் பிற்பகுதியிலேயே பொதுமக்களின் சரக்குக்குத் திறந்துவிடப்பட்டிருந்தது. அதற்கு நாடாளுமன்றச் சட்டம் இல்லை. கால்வாய் நிறுவனங்கள் தங்கள் கால்வாய்களுக்குக் கிளையாக இருப்புப்பாதைகளும் போட்டிருந்தன. எந்தக் கால்வாயையும் சாராமல், யாரும் கட்டணம் கொடுத்துப் பயன்படுத்தக்கூடிய இருப்புப்பாதைக்கென்றே ஒரு நிறுவனம் நாடாளுமன்றச் சட்டத்தால் உருவாக்கப்பட்டது என்ற அளவில் சர்ரே நிறுவனம் முதலாவது. பட்டம் இவ்வளவு அடைமொழிகளோடு வருவதில் குறையொன்றுமில்லை. அடைமொழிகளை வெட்டிவிட்டுச் சொல்வதே குறை.

நிறுவனத்தின் அமைப்பு இன்றைய வாசகருக்கு ரயில்வேயைவிட நெடுஞ்சாலைச் சுங்கச்சாவடியைத்தான் நினைவூட்டும். பாதை நிறுவனத்துடையது, அதில் ஓடும் வண்டியும் குதிரையும் சரக்கு உரிமையாளருடையது அல்லது அவர் அமர்த்திய வண்டிக்காரருடையது. உரிய அளவில் சக்கரம் பொருத்திய வண்டி வைத்திருக்கும் எவரும் பாதையில் இறங்கலாம். டன்னுக்கும் மைலுக்கும் கணக்கிட்டு, சரக்கின் வகைக்கேற்பச் சுங்கம் வாங்கப்பட்டது; எருவுக்குக் குறைந்த வீதம், விலை உயர்ந்த சரக்குக்குக் கூடிய வீதம். வண்டி வாங்க, குதிரைக்குத் தீனி போட, ஆள் வைக்க நிறுவனம் முதல் போட வேண்டியிருக்கவில்லை. அதற்கு விலையும் உண்டு: பாதையில் சரக்கு கூடினாலும் குறைந்தாலும் அதை மாற்றும் வழி எதுவும் நிறுவனத்தின் கையில் இருக்கவில்லை. பங்குதாரர்களுக்குக் கிடைத்த ஆதாயம் கடைசிவரை சொற்பமாகவே இருந்ததற்கு இதுவும் ஒரு காரணம்.

கல்லும் தட்டும்

ஜெசப் தலைமைப் பொறியாளராகவும், ஜார்ஜ் லெதர் களத்திலேயே தங்கி வேலையை நடத்தும் பொறியாளராகவும் இருந்தார்கள். முதலில் முடிந்தது பாதை அல்ல, படகுத்துறை. வாண்ட்ஸ்வொர்த்தில் தேம்ஸிலிருந்து உள்ளே வரும்படி ஒரு நீர்த்தேக்கத் துறை வெட்டப்பட்டு, அடைப்பு மதகு வைக்கப்பட்டு, 1802 ஜனவரி 9-ஆம் நாள் திறக்கப்பட்டது. முப்பது படகுகளுக்கு மேல் நிற்க இடமிருந்த துறை அது. வடகிழக்குக் கரையிலிருந்து கடல்வழியாக லண்டனுக்கு வந்த நிலக்கரி அங்கிருந்து தட்டையடிப் படகுகளில் இத்துறைக்கு வந்து, வண்டிகளுக்கு மாறியது.

பாதை 1803 ஜூலை 26-ஆம் நாள் திறக்கப்பட்டது. துறையிலிருந்து கிளம்பி, கேரட் லேன் ஓரமாகச் சென்று, ஆற்றின் போக்கையொட்டி மெர்ட்டனுக்கும் மிட்சமுக்கும் வந்து, பிறகு பெடிங்டன், வாடன் சதுப்பு நிலங்களைக் கடந்து கிராய்டனின் பிட்லேக்கில் முடிந்தது. மிட்சமுக்குத் தெற்கே பிரிந்து ஹாக்பிரிட்ஜ் நோக்கிச் சுமார் ஒன்றேகால் மைல் நீளத்தில் ஒரு கிளை போனது. கார்ஷால்ட்டன் பக்கத்து ஆலைகளை எட்டுவதற்கான கிளை அது. எதிரெதிரே வரும் வண்டிகள் ஒன்றையொன்று மறிக்காதிருக்க முதன்மைப் பாதை இரட்டைப் பாதையாகப் போடப்பட்டது. பலருடைய வண்டிகள் தத்தம் விருப்பப்படி ஓடும் பாதையில் இது ஆடம்பரம் அல்ல, அவசியம்.

இன்றைய தண்டவாளத்தில் சக்கரத்துக்குத்தான் விளிம்பு, தண்டவாளம் மொட்டையானது. இங்கே தலைகீழ். 'எல்' வடிவில் வார்க்கப்பட்ட இரும்புத் தட்டின் கிடைப்பகுதியில் சாதாரணத் தட்டைச் சக்கரம் உருளும். செங்குத்தான விளிம்பு அது விலகாமல் பார்த்துக்கொள்ளும். ஒரு தட்டின் நீளம் மூன்றடி அளவுதான். அதற்குமேல் நீட்டி வார்த்தால் நடுவில் முறியும். ஒவ்வொரு தட்டின் இரு முனைகளும் ஒவ்வொரு கல்லின் மேல் அமர்ந்தன. கல்லின் நடுவில் துளை, துளைக்குள் அடித்து இறுக்கிய ஓக் மரக்கட்டை, அந்தக் கட்டைக்குள் இறங்கும் இரும்பு ஆணி. தட்டுகளின் முனைகளில் சிறு வெட்டு விடப்பட்டிருந்ததால், அடுத்தடுத்த இரண்டு தட்டுகளின் வெட்டுகளும் சேரும் இடத்தில் அடிக்கும் ஒரே ஆணி இரண்டையும் பிடித்துக்கொண்டது. உடைந்த தட்டை மாற்ற இரண்டு ஆணிகளைப் பிடுங்கினால் போதும். பக்கத்துத் தட்டுகளை அசைக்க வேண்டாம். அடிக்கடி உடையும் என்று தெரிந்தே வகுத்த வடிவம் இது.

இரண்டு வரிசைக் கற்களுக்கும் குறுக்கே கட்டை போடாமல் விட்டதற்கும் காரணம் உண்டு. நடுவில் குதிரை நடக்க வேண்டும். குறுக்குக்கட்டை இருந்தால் குளம்பு இடறும். ஆனால் குறுக்கே பிணைப்பு இல்லாததால் கற்கள் தனித்தனியே அமுங்கி, தட்டுகளுக்கு இடையிலான அகலம் மெல்ல மாறிவிடும்.

ஜெசப் விளிம்புச் சக்கரத்தை அறியாதவர் அல்லர். லஃப்பரோ பக்கத்தில் அவரே அதற்கு முன் மேல்முனையில் சக்கரம் உருளும் வார்ப்பிரும்புத் தண்டவாளங்களைப் போட்டிருக்கிறார். அவர் பங்காளியாக இருந்த பட்டர்லி இரும்பு நிறுவனத்தில் அவருடைய கூட்டாளி பெஞ்சமின் அவுட்ரமோ தட்டுப்பாதையின் உறுதியான ஆதரவாளர். வாண்டில் கரையில் தட்டு வென்றதற்கு அந்தப் பங்காளி உறவு மட்டும் காரணமாக இருக்க முடியாது. தட்டைச் சக்கர வண்டி பாதையின் முனையில் இறங்கி ஆலை முற்றத்துக்குள்ளும் உருண்டுபோகக்கூடியது. விளிம்புச் சக்கரத்துக்கு அது முடியாது. இரு கரைகளிலும் ஆலைகள் சிதறிக் கிடந்த பள்ளத்தாக்கில் இது பெரிய வசதி. நெல் மூட்டையைப் பாதையருகே இறக்கி மறுபடி மாட்டு வண்டியில் ஏற்றுவதற்கும், களத்து வாசல்வரை ஒரே வண்டியில் கொண்டுபோவதற்கும் உள்ள வேறுபாடுதான் அது.

ஒரு குதிரையும் 55 டன்னும்

சர்ரே பாதை திறக்கும் முன்பே அதன் தொடர்ச்சிக்கான சட்டம் 1803 மே 17-இல் நிறைவேறியது. கிராய்டன், மெர்ஸ்தம், காட்ஸ்டோன் இரும்புப் பாதை என்ற தனி நிறுவனம் அது. பொறியாளர் அதே ஜெசப்தான். கிராய்டனுக்குத் தெற்கே உள்ள மெர்ஸ்தமின் சுண்ணாம்பையும் கட்டடக் கல்லையும் தேம்ஸுக்குக் கொண்டுவருவது உடனடி நோக்கம், போர்ட்ஸ்மத் தொலைநோக்கு. 1805 ஜூலை 24-ஆம் நாள் மெர்ஸ்தம் வரை அது திறக்கப்பட்டபோது ஒரு பந்தயம் நடந்தது; பாதையின் திறன் பற்றி நம்மிடம் உள்ள மிக நெருக்கமான பதிவு அதுதான்.

பந்தயத்தின்படி ஒரே குதிரை 36 டன் சுமையை ஆறு மைல் இழுக்க வேண்டும். கல் ஏற்றிய பன்னிரண்டு வண்டிகள், ஒவ்வொன்றும் மூன்று டன்னுக்கு மேல், ஒன்றோடொன்று பிணைக்கப்பட்டன. மெர்ஸ்தம் அருகே ஃபாக்ஸ் என்ற விடுதியிலிருந்து கிளம்பிய குதிரை, வழியில் பலமுறை நிறுத்தப்பட்டு, நின்ற சுமையை மீண்டும் கிளப்ப முடியுமா என்று சோதிக்கப்பட்டு, ஒரு மணி 41 நிமிடத்தில் கிராய்டன் சுங்கச்சாவடியை அடைந்தது. பந்தயம் வென்றபின்னும் ஏற்பாட்டாளர்களுக்கு ஆசை அடங்கவில்லை. மேலும் நான்கு வண்டிகள் சேர்க்கப்பட்டன, குதிரை இழுத்தது. கூட நின்ற ஐம்பது தொழிலாளர்களையும் மேலே ஏறச் சொன்னார்கள், அப்போதும் இழுத்தது. எல்லாவற்றையும் எடை போட்டுப் பார்த்தபோது 55 டன்னைத் தாண்டியிருந்தது. நல்ல சாலையில்கூட ஒரு டன்னை இழுப்பதே ஒற்றைக் குதிரைக்குப் பெரும்பாடு என்றிருந்த நாளில் இதைப் பார்த்தவர்கள் வாய்பிளந்திருப்பார்கள்.

ஆனால் பங்குதாரராக இருந்தால் நான் கேட்டிருக்கக்கூடிய கேள்வி வேறு. மெர்ஸ்தமிலிருந்து கிராய்டன் நோக்கிப் பாதை சீராக இறங்குகிறது. அந்தச் சரிவும் குதிரையோடு சேர்ந்து இழுத்தது. திரும்பும்போது அதே குதிரை அதே பாதையில் ஏற வேண்டும். கல்லும் சுண்ணாம்பும் கீழ்நோக்கி வருவதால் கனத்த சுமைக்கு இறக்கமும் காலி வண்டிக்கு ஏற்றமும் என்று மெர்ஸ்தம் பகுதிக்குக் கணக்கு ஒத்துவந்தது. வாண்டில் பகுதியில் அப்படியில்லை. நிலக்கரியும் நகரத்து எருவும் மேல்நோக்கிப் போயின. சுண்ணாம்பும் தானியமும் மாவும் கீழ்நோக்கி வந்தன. பள்ளத்தாக்கின் மென்சரிவு காரணமாக அது இயலாத காரியமாக இல்லாவிட்டாலும், பந்தயத்தில் கண்ட எண்களை அன்றாட வேலைக்கு எவரும் எதிர்பார்த்திருக்க முடியாது.

பாதையின் வருவாய் ஆற்றங்கரைத் தொழில்களின் அளவால் கட்டுப்பட்டிருந்தது. ஆற்றுநீரை எடுக்காமல் விட்டதால் ஆலைகள் பிழைத்தன, ஆலைகள் பிழைத்ததால் பாதைக்குச் சரக்கு கிடைத்தது. ஆனால் அந்த ஆற்றால் சுழற்றக்கூடிய சக்கரங்களுக்கு ஓர் எல்லை உண்டு. எட்டு மைல் பாதையில் டன்னுக்கு மைலுக்கு இத்தனை பென்னி என்று வாங்கி, அதைக் கொண்டே இரட்டைப் பாதையையும் படகுத்துறையையும் பராமரிக்க வேண்டியிருந்தது. நெடுந்தொலைவுச் சரக்கு வந்து சேரும் என்ற எதிர்பார்ப்பில்தான் முன்மொழிவின் கணக்கு நின்றது. அந்தச் சரக்கு வரவேயில்லை.

நின்றுபோன தொடர்ச்சி

மெர்ஸ்தத்தைத் தாண்டிப் பாதை நீளவில்லை. பெயரில் இருந்த காட்ஸ்டோனைக்கூட எட்டவில்லை. 1805 அக்டோபரில் டிரஃபால்கர் கடற்போரில் பிரெஞ்சு, ஸ்பானியக் கடற்படைகள் முறியடிக்கப்பட்டபின், கடல்வழியின் ஆபத்தைக் காட்டி நிலவழிக்குப் பணம் கேட்பது கடினமாகிவிட்டது. லண்டனிலிருந்து போர்ட்ஸ்மத் துறைமுகத்தின் மறுகரையான காஸ்போர்ட்டுக்கு ரயில் சென்றது 1841-இல்தான், அதுவும் வேறு நிறுவனத்தின் வேறு வழியில்.

போட்டியும் வந்தது. வாண்டிலைத் தொடாமல் வேறு பக்கமாகக் கிராய்டனுக்குக் கால்வாய் வெட்டுவோம் என்று கிளம்பிய கிராய்டன் கால்வாய் நிறுவனமும் அதே 1801-இல் சட்டம் பெற்று 1809-இல் திறந்தது. ஒன்பது மைல் தூரத்துக்கு அதற்கு 28 அடைப்பு மதகுகள் தேவைப்பட்டன. தண்ணீருக்கு நார்வுட்டில் தனி ஏரி கட்டினார்கள். இன்று சவுத் நார்வுட் ஏரி என்று மக்கள் உலாவும் இடம் அதுதான். அந்தக் கால்வாயும் செழிக்கவில்லை. 1836-இல் மூடப்பட்டு, லண்டன்–கிராய்டன் ரயில்வேக்கு விற்கப்பட்டது. அதன் படுகையின் பெரும்பகுதியில் 1839-இல் ரயில் ஓடியது. ஜெசப் சொன்னது சரி என்பதற்கு இதைவிட நேரடியான சான்று வேண்டியதில்லை: தண்ணீருக்காகத் தனியே செலவிட வேண்டிய கால்வாய் இந்த ஊரில் நிற்காது.

ஆனால் அதே சான்று இருப்புப்பாதைக்கும் எதிராகப் பேசியது. புதிய ரயில்வேக்கள் நீராவியால் ஓடின. சர்ரே பாதையால் அதை ஏற்க முடியவில்லை. ரிச்சர்ட் டிரெவிதிக்கின் நீராவி இயந்திரம் 1804 பிப்ரவரியில் வேல்ஸ் நாட்டில் பெனிடாரன் பாதையில் பத்து டன் இரும்பை இழுத்துக் காட்டியபோதே, அதன் எடை தாங்காமல் வார்ப்பிரும்புத் தட்டுகள் உடைந்தன. சர்ரே நிறுவனத்தின் பங்குதாரர்களில் ஒருவரான வில்லியம் ஜேம்ஸ் 1823-இல் நீராவி இயந்திரங்கள் செய்த ஜார்ஜ் ஸ்டீபன்சனை அணுகி, தங்கள் பாதைக்கு ஓர் இயந்திரம் தரும்படி வற்புறுத்தினார். தட்டுகள் இயந்திரத்தைத் தாங்காது என்று கண்ட ஸ்டீபன்சன் மறுத்துவிட்டார். அதற்குள் ஜான் பர்கின்ஷாவின் அடித்து உருட்டிய இரும்புத் தண்டவாளம் 1820-இல் காப்புரிமை பெற்றிருந்தது. சர்ரே நிறுவனத்திடம் பாதை முழுவதையும் பிடுங்கிவிட்டுப் புதிதாகப் போடப் பணமில்லை. அப்படியே போட்டாலும் யாருடைய குதிரையும் இறங்கலாம் என்ற உரிமையையும் நீராவி வண்டியையும் ஒரே பாதையில் வைத்துக்கொள்ள முடியாது.

இந்த இடத்தில் முன்மொழிந்தவர்களைக் குறைசொல்வது எளிது, நியாயமல்ல. 1801-இல் வார்ப்பிரும்பைவிட மலிவாகவும் பெருவாரியாகவும் கிடைக்கும் வேறு பொருள் இல்லை. நீராவி இயந்திரத்தைச் சக்கரத்தின் மேல் ஏற்றி ஓட்டுவதைப் பார்த்த பங்குதாரரும் இல்லை. அவர்களுடைய தவறு என்று ஒன்றைச் சொல்ல வேண்டுமானால், எட்டு மைல் ஊர்ப்பாதைக்கு நெடுந்தொலைவு வழியின் செலவைச் செய்ததுதான். இரட்டைப் பாதையும் பெரிய துறையும் போர்ட்ஸ்மத் சரக்குக்கானவை. வந்ததோ மிட்சம் ஆலைக்கான நிலக்கரி.

மெர்ஸ்தம் பாதை 1838-இல் மூடப்பட்டது. லண்டன்–பிரைட்டன் ரயில்வே அதை விலைக்கு வாங்கி, தன் புதிய பாதைக்கு வழிவிட வைத்தது. தெற்கிலிருந்து வந்த சுண்ணாம்பும் கல்லும் நின்றபின் சர்ரே பாதை இன்னும் எட்டு ஆண்டுகள் இழுத்துப் பிடித்தது. 1846 ஆகஸ்டில் அதை மூடுவதற்கான சட்டம் நிறைவேறியது. அதே மாதம் 31-ஆம் நாள் பாதை நின்றது. அதைத் திறக்க ஒரு சட்டம் தேவைப்பட்டது போலவே மூடவும் ஒரு சட்டம் தேவைப்பட்டது.

எஞ்சியவை

வாண்டில் பள்ளத்தாக்கில் அந்தப் பாதையின் தடம் முழுக்க அழியவில்லை. விம்பிள்டனிலிருந்து கிராய்டனுக்கு 1855-இல் வந்த நீராவி ரயில் பாதை, மிட்சமுக்கும் வாடனுக்கும் இடையே பழைய பாதையின் தடத்தைப் பயன்படுத்திக்கொண்டது. அந்த ரயிலும் நின்றுபோய், 2000-ஆம் ஆண்டு முதல் கிராய்டனின் டிராம் வண்டிகள் அதே வழியில் ஓடுகின்றன. மிட்சமில் ஒரு சந்துக்கு 'டிராம்வே பாத்' என்று பெயர். இந்த டிராமுக்காக வைத்த பெயர் அல்ல, குதிரைப் பாதையின் நினைவு. வாண்ட்ஸ்வொர்த்தில் ராம் மதுவடிப்பாலையின் மதில் சுவரில் பழைய பாதைக்கற்கள் சில பதிக்கப்பட்டன. ஆணி இறங்கிய துளை அவற்றின் நடுவில் இன்னும் தெரியும்.

தண்ணீரே தேவைப்படாத பாதை என்பதற்காக முன்மொழியப்பட்ட இந்த அமைப்பில் கடைசிவரை உழைத்தது அதன் நீர்த்துறைதான். 1846-இல் தட்டுகள் பிடுங்கப்பட்ட பின்னும் வாண்ட்ஸ்வொர்த் துறை மூடப்படவில்லை. பின்னர் அது ஒரு காகித ஆலை உரிமையாளரின் கைக்கு மாறி, மக்மர்ரே கால்வாய் என்ற பெயரோடு பல ஆண்டுகள் படகுகளை ஏற்றுக்கொண்டது. இருபதாம் நூற்றாண்டில்தான் அதைத் தூர்த்து மூடினார்கள்.